கை விளக்கில் பொறித்த மூன்றெழுத்து

அன்புள்ள ஐயா,

பழைய ரயில்வே பொருட்களைப் பற்றித் தாங்கள் எழுதிவருவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். சென்ற மாதம் கோட்டாறில் ஒரு பழைய இரும்புக் கடையில் கறுத்துப்போன தகர விளக்கு ஒன்றை வாங்கினேன். முன்பக்கம் குமிழ்போலப் புடைத்த தடித்த கண்ணாடி. மேல்மூடியைத் திருகினால் அதற்குப் பின்னால் சிவப்பு, பச்சை, வெறும் வெளிச்சம் என்று மாறிமாறி வருகிறது. பின்புறக் கைப்பிடிக்குக் கீழே எஸ்.ஐ.ஆர். என்று ஆங்கில எழுத்துகள் பொறித்திருக்கின்றன. வெள்ளைக்காரன் காலத்தில் நாகர்கோவில் ஸ்டேஷனில் இருந்த விளக்கு என்றார் கடைக்காரர். குளச்சல்காரரான என் நண்பரோ இது கப்பல் விளக்கு என்கிறார். பச்சைக் கண்ணாடி பகலில் நீலமாகத் தெரிவதால், யாரோ அதை மாற்றிவிட்டார்களோ என்ற ஐயமும் எனக்கு இருக்கிறது. இதைப் பாலிஷ் செய்து, மின்விளக்கு பொருத்தி, வீட்டு முன்னறையில் வைக்கலாமா?

ஒரு வாசகர், தக்கலை

அன்புள்ள நண்பருக்கு,

கடைக்காரர் சொன்ன கதையை முதலில் ஒதுக்கிவிடுவோம். வெள்ளைக்காரன் காலத்தில் நாகர்கோவிலில் ரயில் நிலையமே இல்லை. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்குப் பாதை திறக்கப்பட்டது 1979 ஏப்ரலில். நாகர்கோவிலையும் திருநெல்வேலியையும் இணைக்கும் பாதை 1981 ஏப்ரலில் வந்தது. அதற்கு முன்பு நம் மாவட்டத்தார் ரயிலேற வேண்டுமானால், ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து திருநெல்வேலிக்கோ, மேற்கே திருவனந்தபுரத்துக்கோ பேருந்தில் போயாக வேண்டும். என் தலைமுறைக்கு நினைவிருக்கிற செய்திதான்; ஆனால் இன்று நாகர்கோவில் சந்திப்பின் கூட்டத்தைப் பார்க்கிறவர்களுக்கு அது எப்போதும் அங்கேயே இருந்ததுபோலத் தோன்றிவிடுகிறது.

ஆனால் கதை பொய் என்பதால் விளக்கும் பொய்யாகிவிடாது. அந்த மூன்றெழுத்து தென்னிந்திய ரயில்வே என்ற கம்பெனியைக் குறிப்பது. 1874-இல் உருவாகித் திருச்சிராப்பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்டு வளர்ந்த அந்த ரயில்வே, 1951 ஏப்ரல் 14 அன்று மெட்ராஸ் அண்டு சதர்ன் மராட்டா ரயில்வேயுடனும் மைசூர் ரயில்வேயுடனும் இணைக்கப்பட்டுத் தெற்கு ரயில்வே ஆனது. ஆகவே பொறிப்பு உண்மையானதென்றால் தங்கள் விளக்கு அதற்கு முன்பு செய்யப்பட்டது என்று கொள்ளலாம். எழுத்து சொல்வது அவ்வளவுதான். யாருடைய சொத்தாகச் செய்யப்பட்டது என்பதை அது சொல்லும், எந்த ஊரில் எந்த ஆண்டுவரை எரிந்தது என்பதைச் சொல்லாது. ரயில்வேயின் பெயர் மாறிய மறுநாளே பழைய விளக்குகளை யாரும் தூக்கி எறிந்திருக்க மாட்டார்கள். நாஞ்சில் நாட்டுக்காரர் ஒருவர் செங்கோட்டையிலோ திருநெல்வேலியிலோ, வண்டி தடம் மாறத் தண்டவாளத்தை நகர்த்தும் பாயின்ட்ஸ்மேனாக இருந்து, கழித்துக்கட்டிய விளக்கை ஊருக்குக் கொண்டுவந்திருக்கலாம். அல்லது அது பழைய இரும்பாகவே லாரியில் வந்திருக்கலாம்.

இதைவிடப் பெரிய குழப்பம் தெற்கு ரயில்வேயைக் (சதர்ன் ரயில்வே) குறிக்கும் எஸ்.ஆர். என்ற இரண்டெழுத்தில் இருக்கிறது. இங்கிலாந்திலும் 1923 முதல் 1947 வரை சதர்ன் ரயில்வே என்றொரு கம்பெனி இருந்தது. நம் தெற்கு ரயில்வேயின் விளக்கை ‘லண்டன் சரக்கு’ என்று விற்பவர்களைக் காரைக்குடியின் பழம்பொருள் கடைத்தெருவிலேயே பார்த்திருக்கிறேன். அவர்கள் ஏமாற்றுகிறார்கள் என்று சொல்ல மாட்டேன். அவர்களும் யாரோ சொன்னதைத்தான் சொல்கிறார்கள்.

அடுத்து, குளச்சல் நண்பரின் ஐயம். கடற்கரைக்காரர் என்பதால் அவர் கண்ணுக்குக் கப்பல் விளக்கு தோன்றுவது இயல்பே, சிவப்பும் பச்சையும் கப்பலுக்கும் உரியவை என்பதும் உண்மை. ஆனால் கப்பலில் இடப்புறத்துக்குச் சிவப்பு, வலப்புறத்துக்குப் பச்சை என்று தனித்தனி விளக்குகள். ஒன்றே மற்றொன்றாக மாற வேண்டிய தேவை அங்கே இல்லை. மேலும் கப்பலின் பக்க விளக்கு 112.5 பாகை அகலத்துக்கு ஒளியை விரிக்க வேண்டும் என்பதால், அதன் கண்ணாடி வளைந்து, வரிவரியாகப் படிகள் அமைந்ததாக இருக்கும். கை விளக்கின் வேலை நேர்மாறானது. வண்டியின் கடைசியில் இருக்கும் கார்டு காட்டும் வெளிச்சம் அதன் மறுமுனையில் இருக்கும் டிரைவரின் கண்ணில் விழ வேண்டும். அதற்காகத்தான் ஒளியைக் குவித்து அனுப்பும் அந்தக் குமிழ்க் கண்ணாடி. தாங்கள் வைத்திருப்பது ரயில்வே கை விளக்கேதான்.

நீலக் கண்ணாடியை யாரும் மாற்றவில்லை. சொல்லப்போனால், தங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் நம்பிக்கை தந்த வரி அதுதான். மண்ணெண்ணெய்ச் சுடரில் மஞ்சளும் சிவப்பும் மிகுதி, நீலம் மிகக் குறைவு. நல்ல பச்சைக் கண்ணாடி வழியாக அந்தச் சுடரைப் பார்த்தால் மஞ்சள் தட்டிய மங்கல் பச்சைதான் கிடைக்கும். சற்று நீலம் கலந்த கண்ணாடி மஞ்சளை மட்டுப்படுத்தித் தெளிவான பச்சையைத் தரும். எனவே பகலிலேயே கிளிப்பச்சையாக மின்னுகிற கண்ணாடியைக் கண்டால்தான் பிற்காலத்தில் மாற்றியதோ என்று ஐயப்பட வேண்டும்.

போலிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். சந்தையில் ரயில்வே விளக்கு என்ற பெயரில் கிடைக்கும் பளபளப்பான பித்தளை விளக்குகளில் பெரும்பாலானவை அலங்காரத்துக்கென்று செய்யப்பட்டவை. இரவெல்லாம் மழையில் தூக்கித் திரியும் விளக்கைக் கனத்த பித்தளையில் செய்து யார் தருவார்கள்? வேலைக்கான விளக்கு தகரம். கறுப்பு வண்ணம் பூசியது. காந்தம் வைத்தால் ஒட்டும். மேல்மூடியைக் கழற்றிப் புகைப்போக்கியின் உட்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். பல்லாண்டு எரிந்த விளக்கில் கரி தகரத்தோடு இறுகிப்போய், எளிதில் விரலில் ஒட்டாது. நேற்று ஏற்றிய கரி மை மாதிரி ஒட்டும். என்னிடமுள்ள விளக்கில் கைப்பிடியின் உள்வளைவில் மட்டும், நான்கு விரல் அகலத்துக்கு வண்ணம் தேய்ந்து தகரம் வெளுத்திருக்கிறது. அப்படியொரு தேய்மானத்தை அரம் கொண்டு யாரும் எளிதில் உண்டாக்கிவிட முடியாது.

ஆகவே பாலிஷ் வேண்டவே வேண்டாம். முப்பது ஆண்டுகளுக்கு முன் எனக்குக் கிடைத்த முதல் விளக்கை ஒரு பாலிஷ் பட்டறையில் கொடுத்துவிட்டு வந்தேன். அவர்கள் அமிலத்தில் முக்கித் தேய்த்து, எவர்சில்வர் டம்ளரைப்போலத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆழமில்லாமல் பொறித்திருந்த எழுத்துகள் போய்விட்டன, ஈயப்பற்று இரண்டிடத்தில் விட்டுப்போயிருந்தது. தவறு அவர்களுடையது என்பதைவிட, எதைச் செய்யக்கூடாது என்று சொல்லாமல் விட்ட என்னுடையது. மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் அழுக்கை மட்டும் துடையுங்கள். துரு உதிரும் இடங்களில் தையல் மெஷின் எண்ணெயை மெல்லத் தடவுங்கள். தேங்காயெண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்துத் தூசியைச் சேர்க்கும்.

மின்விளக்கு பொருத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. அதற்காகத் தகரத்தில் துளையிட வேண்டிவரும், வெள்ளை எல்.இ.டி. வைத்தால் பச்சை நீலமாகவே தெரியும். கட்டாயம் வேண்டுமென்றால், பர்னரை எடுத்துப் பத்திரமாக வைத்துவிட்டு, பேட்டரியில் எரியும் சிறிய மஞ்சள் விளக்கை உள்ளே வையுங்கள்.

இன்னொன்று. ரயில்வே சொத்தைச் சட்டவிரோதமாக வைத்திருப்பதைக் குற்றமாக்கும் சட்டம் 1966-இல் இயற்றப்பட்டது, இன்றும் நடைமுறையில் இருக்கிறது. தங்களிடம் ரசீது இல்லையென்றால், கடைக்காரரிடம் தேதியிட்டு ஒன்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். யாராவது ஸ்டேஷனிலிருந்து ‘எடுத்துத் தருகிறேன்’ என்று வந்தால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

அடியில் செருகியிருக்கும் எண்ணெய்க் கிண்ணம் துருவால் இறுகியிருந்தால், இழுக்காமல் ஓரங்களில் எண்ணெய் விட்டு இரண்டு நாள் அப்படியே வைத்திருங்கள். வெளியே வந்தபின் கிண்ணத்தின் அடிப்பக்கத்தைச் சாய்வான வெயிலில் படமெடுத்து அனுப்புங்கள். செய்த பட்டறையின் முத்திரை சில விளக்குகளில் அங்கேதான் இருக்கும்.