சமையல் முடிந்த பிறகுதான் ஊராட்சி வேலையா? பெண் பிரதிநிதிகளின் கேள்விகளும் என் பதில்களும்

போன ஞாயிற்றுக்கிழமை சைதாப்பேட்டையில் கூடினோம். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கத்திலிருந்து ஊராட்சித் தலைவர்கள், வார்டு உறுப்பினர்கள், பதவிக்காலம் முடிந்தவர்கள் என்று மின்சார ரயில் பிடித்து வந்திருந்தார்கள். இரண்டு பேர் கைக்குழந்தையோடு வந்தார்கள். நான் 2001 முதல் 2011 வரை இரண்டு முறை தலைவராக இருந்தவள். இப்போது குரோம்பேட்டையில் மகளோடு இருக்கிறேன். சீட்டில் எழுதிக் கொடுத்த கேள்விகளில் பாதிக்குத்தான் அன்று பதில் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து எழுதுகிறேன். பெயர்களை விட்டுவிட்டேன்.

அக்கா, விடியற்காலை 5 மணிக்கே "மோட்டார் ஓடலை" என்று வாசலில் வந்து நிற்கிறார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும், மாமியாருக்குக் கஞ்சி வைக்க வேண்டும். எதை முதலில் பார்ப்பது? (தலைவர், மதுராந்தகம் பக்கம்)

மோட்டாரைப் பார்க்க வேண்டியவர் டேங்க் ஆபரேட்டர். அவர் பார்த்தாரா என்று கேட்பதுதான் உங்கள் வேலை. முதல் ஆறு மாதம் நானும் சாவியைத் தூக்கிக்கொண்டு பம்ப் ரூமுக்கு ஓடினேன். அப்புறம்தான் ஒரு ஏற்பாடு செய்தேன். மோட்டார் போட்டதும் ஆபரேட்டர் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். 5:30 வரை அழைப்பு வராவிட்டால் நானே கூப்பிடுவேன். வாசலில் ஆள் சேரும் முன்பே விஷயம் எனக்குத் தெரிந்துவிடும்.

ஆனால் வாசலுக்கு வரும் பெண்களை "ஆபீசுக்கு வா" என்று திருப்பி அனுப்பாதீர்கள். கிராம சபையில் எழுந்து பேசாத பெண், அடுப்படி வாசலில் நின்று எல்லாவற்றையும் சொல்வாள். பொதுக் கழிப்பறைக்குக் கதவு இல்லை, தெரு விளக்கு எரியாத முனையில் யார் குடித்துவிட்டு நிற்கிறார்கள், எந்த வீட்டில் பெண் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார்கள், எல்லாம் எனக்கு அங்கேதான் தெரிய வந்தது. அடுப்பு மேடைப் பக்கத்தில் ஒரு நோட்டு தொங்கவிடுங்கள். சொன்னதைத் தேதி போட்டு எழுதுங்கள். அடுத்த மன்றக் கூட்டத்துக்குப் பொருள் அதிலிருந்தே கிடைக்கும்.

இனி கஞ்சிக்கு வருகிறேன். மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்பவர்களில் பெண்கள் சம்பளம் இல்லாமல் அதற்குச் செலவிடும் நேரம் ஒரு நாளைக்கு 289 நிமிடம், ஆண்கள் 88 நிமிடம். ஏறக்குறைய ஐந்து மணி நேரத்தை அடுப்படியில் கொடுத்துவிட்டு அதற்கு மேல் ஊரையும் பார் என்றால் உடம்பு தாங்காது. "கொஞ்சம் உதவி பண்ணுங்க" என்று கேட்காதீர்கள். உதவி என்றால் வேலை உங்களுடையது என்றே பொருள். ஏதாவது ஒன்றை முழுசாக ஒப்படையுங்கள். என் வீட்டுக்காரர் மாட்டையும் ராத்திரி டிபனையும் எடுத்துக்கொண்டார். முதல் மூன்று மாதம் தோசை பிய்ந்துதான் வந்தது. நான் அந்தப் பக்கம் போகவில்லை. போயிருந்தால் கரண்டி திரும்ப என் கைக்கு வந்திருக்கும்.

"நான் பார்த்துக்கிறேன், நீ கையெழுத்து மட்டும் போடு" என்கிறார் என் கணவர். வீட்டில் சண்டையும் வேண்டாம். என்ன செய்வது? (தலைவர், ஊர் சொல்ல விரும்பவில்லை)

அன்று வந்த சீட்டுகளில் இந்தக் கேள்விதான் அதிகம். நாலு பேர் கிட்டத்தட்ட இதே வார்த்தைகளில் எழுதியிருந்தார்கள்.

தங்கச்சி, காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போடுவது எதற்காக என்று யோசியுங்கள். பணத்துக்குப் பொறுப்பு அந்த இருவர். தணிக்கையில் இழப்பு என்று எழுதினால் நோட்டீஸ் கையெழுத்துப் போட்டவர் பெயரில் வரும். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994, பிரிவு 205-ன் கீழ் பதவி நீக்க நடவடிக்கை வந்தாலும் விளக்கம் எழுத வேண்டியவர் நீங்கள்தான். கணவரிடம் இதை உரிமைப் பேச்சாக ஆரம்பிக்காமல், "வழக்கு வந்தால் என் பேரில்தானே வரும்" என்று சொல்லிப் பாருங்கள். நிறைய ஆண்கள் அந்த இடத்தில் நிதானிக்கிறார்கள்.

என் அனுபவம் ஒன்று. முதல் முறை பதவியேற்று ஒரு வருடம் கழித்துத்தான் ஒரு அலுவலகப் பதிவேட்டைப் பார்த்தேன். என் பெயருக்கு நேரே என் வீட்டுக்காரரின் போன் நம்பர். கூட்டம், நிதி, ஆய்வு என்று எல்லாத் தகவலும் அவரிடம் போய், அவருக்கு நினைவிருந்தால் எனக்கு வந்திருக்கிறது. அவர் கெட்டவர் இல்லை. எழுதியவருக்கு, ஒரு பெண்ணின் நம்பரைக் கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை. அன்றே மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கினேன்.

இப்போது ஓடிபி வருகிறது, கணினியில் கையெழுத்துப் போட டிஜிட்டல் கையொப்பச் சாவி இருக்கிறது. போன் உங்கள் கையில், சாவி உங்கள் பெட்டியில், தீர்மானப் புத்தகத்தை நீங்கள் படித்த பிறகே கையெழுத்து. இந்த மூன்றையும் விட்டுக்கொடுக்காதீர்கள். எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும் என்றால் செயலாளரைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். அதில் வெட்கம் எதுவும் இல்லை.

இது உங்கள் வீட்டுப் பிரச்சினை மட்டும் இல்லை. மனைவி பெயரில் கணவர் ஊராட்சி நடத்துவது நாடு முழுக்க இருப்பதால், உச்ச நீதிமன்ற உத்தரவை அடுத்து மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் 2023-ல் இதற்கென்றே ஒரு குழு அமைத்தது.

தலைவருக்கு மாதம் எவ்வளவு? (தேர்தலில் நிற்க நினைப்பவர்)

மதிப்பூதியம் 2,000 ரூபாய். முன்பு 1,000. கூலி வேலையை விட்டுவிட்டு ஊர் வேலை பார்க்கும் பெண்ணுக்கு இது போதவே போதாது. வசதியான வீட்டுப் பெண்கள் மட்டுமே பதவிக்கு வரும் நிலை மாற வேண்டும் என்றால் இந்தத் தொகை உயர வேண்டும். சங்கமாகச் சேர்ந்து கேட்க வேண்டிய கோரிக்கை.

நான் பட்டியல் சாதி. கூட்டத்தில் நாற்காலியில் உட்கார்ந்தால் முணுமுணுத்தார்கள். வீட்டில் "உனக்கு எதுக்கும்மா வம்பு, மறுபடி பதவியே வேண்டாம்" என்கிறார்கள். (முன்னாள் தலைவர், திருவள்ளூர் மாவட்டம்)

உங்கள் மாவட்டத்திலேயே, கும்மிடிப்பூண்டி பக்கம் ஆத்துப்பாக்கத்தில், 2020 சுதந்திர தினத்தன்று தலித் பெண் தலைவரைக் கொடியேற்ற விடவில்லை. செய்தி வெளியே வந்தது. சில நாளில் ஆட்சியர் முன்னிலையில் அவரே கொடியேற்றினார். விஷயம் ஊரைத் தாண்டியதால்தான் அது நடந்தது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தத்துக்குப் பிறகு ஒரு பிரிவு இருக்கிறது, 3(1)(எம்). பட்டியல் சாதி, பழங்குடியைச் சேர்ந்த ஊராட்சித் தலைவரையோ உறுப்பினரையோ அவர் கடமையைச் செய்யவிடாமல் தடுத்தாலும் மிரட்டினாலும் குற்றம். இதை மனப்பாடம் செய்யுங்கள். தேதி, நேரம், யார் சொன்னது, யார் பார்த்தது என்று அன்றன்றே எழுதி வையுங்கள். வீட்டார் பயப்படுவது நியாயமான பயம், அவர்களைக் கோபிக்காதீர்கள். ஆனால் ஒதுங்கிப் போக வேண்டிய ஆள் நீங்கள் இல்லை.

ஏழு மாதம். எனக்கு விடுப்பு உண்டா? (தலைவர், உத்திரமேரூர் பக்கம்)

அரசு ஊழியருக்கு இருப்பது போன்ற மகப்பேறு விடுப்பு நமக்கு இல்லை, இது பெரிய குறை. தலைவர் செயல்பட முடியாத நாட்களில் துணைத்தலைவர் பொறுப்பைப் பார்க்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. வாய்ச்சொல்லாக விடாமல் வட்டார வளர்ச்சி அலுவலருக்கு (பிடிஓ) எழுத்தில் கொடுத்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்ததும் இடையில் போன பில்களையும் தீர்மானங்களையும் ஒன்று விடாமல் பாருங்கள். பிள்ளை நல்லபடியாகப் பிறக்கட்டும், அம்மா.

ஒன்றிய அலுவலகத்தில் கூட்டம் 3 மணி என்பார்கள், முடிய 7 ஆகும். கடைசி பஸ் போய்விடுகிறது. (தலைவர், செய்யூர் பக்கம்)

பக்கத்து ஊராட்சிப் பெண் தலைவர்கள் நாலு பேர் சேர்ந்து, காலை 11 மணிக்கு வைக்கச் சொல்லி ஒரே மனுவாகக் கொடுங்கள். ஒருவர் கேட்டால் "வீட்டு வேலை இருக்காம்" என்று பேசுவார்கள். நாலு பேர் கேட்டால் நேரம் மாறும், எங்களுக்கு மாறியது.

பெண்கள் தலைவரானால் உண்மையிலேயே ஏதாவது மாறுகிறதா? (கல்லூரி மாணவி, சென்னை)

மாறுகிறது, கண்ணு. மேற்கு வங்கத்திலும் ராஜஸ்தானிலும் ஆராய்ந்து ரகாபேந்திர சட்டோபாத்யாயும் எஸ்தர் டூஃப்லோவும் 2004-ல் வெளியிட்ட கட்டுரை இருக்கிறது. பெண்களுக்கு ஒதுக்கிய ஊராட்சிகளில் குடிநீருக்குக் கூடுதலாகச் செலவு செய்திருந்தார்கள். குடம் சுமப்பவள் தலைவரானால் குழாய்தான் முதலில் வரும். ஆனால் வீட்டு வேலையால்தான் பெண்ணுக்கு அந்த அறிவு வருகிறது என்று சொல்லி அவளை அடுப்படியிலேயே வைத்திருப்பதை நான் ஏற்க மாட்டேன். குடத்தை ஆணும் சுமக்கட்டும், அந்த அறிவு அவருக்கும் வரும்.

எங்கள் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து, எங்கள் இடத்தில் ஊராட்சியைப் பார்க்க அரசின் தனி அலுவலர் வந்துவிட்டார். அடுத்த முறை எங்கள் ஊர் பெண்களுக்கு ஒதுக்காத பொது இடம் ஆகிவிட்டால் நான் நிற்க முடியாதா? (முன்னாள் தலைவர், பொன்னேரி பக்கம்)

தாராளமாக நிற்கலாம். பொது என்றால் ஆண் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. 2016-ல் நம் மாநிலத்தில் பெண்களுக்கான ஒதுக்கீடு 50 சதவீதம் ஆனது. மீதிப் பாதியிலும் பெண் போட்டியிடலாம். நான் இரண்டாவது முறை நின்றபோது "அதான் ஒருதடவை இருந்தாச்சே" என்று சொந்தக்காரர்களே சொன்னார்கள்.

பதவி இல்லாத இந்த நாட்களில் கிராம சபையை விடாதீர்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு. தேதி தள்ளிப்போனால் விசாரித்து வையுங்கள். அன்றைக்கு வீட்டில் சமையல் யார் என்பதை முந்தின நாளே பேசி முடித்துவிட்டு, தெருவிலிருந்து இரண்டு பெண்களையாவது கூட்டிக்கொண்டு போய் முன்வரிசையில் உட்காருங்கள். நீங்கள் ஆரம்பித்துப் பாதியில் நிற்கும் வேலை என்ன ஆயிற்று என்று கேளுங்கள். கேட்டதையும் சொன்ன பதிலையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதிய பிறகே எழுந்து வாருங்கள்.