கழுத்துத் தண்டுவட நெருக்கம்: அறுவை முன்புறமா, பின்புறமா?

வணக்கம் ஐயா. தங்கள் தந்தையார் சட்டைப் பொத்தான் போடத் தடுமாறுவதாகவும், நடை தள்ளாடுவதாகவும், எம்ஆர்ஐயில் கழுத்து முள்ளெலும்புகளின் நான்கு மட்டங்களில் தண்டுவடம் நெருக்குண்டிருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். இந்நிலையில் கழுத்துப்பட்டையை நம்பி நாள் கடத்துவது சரியன்று. ஓரிரு மட்டங்கள் என்றால் முன்கழுத்து வழியே, எலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டை (டிஸ்க்) அகற்றி எலும்புகளை இணைப்பது வழக்கம். விழுங்குவதில் சிரமமும் குரல் கம்மலும் சில வாரங்கள் இருக்கலாம். நான்கு மட்டங்களுக்கு, ஜப்பானில் 1970களில் உருவான லேமினோபிளாஸ்டி, அதாவது பின்புற எலும்பு வளைவை ஒருக்களித்த கதவைப்போல் திறந்து நிறுத்தும் முறை, கழுத்தசைவை ஓரளவு காக்கும். ஆனால் கழுத்து முன்னோக்கிக் கூன் விழுந்திருந்தால் தண்டுவடம் பின்னே விலகி நெருக்கத்திலிருந்து விடுபடாது. ஆகவே நின்றபடி பக்கவாட்டில் எடுத்த எக்ஸ்ரேயைக் காட்டி, இதை மருத்துவரிடம் கேளுங்கள். விரல்களின் மரப்பு முழுவதும் நீங்காமல் போகலாம்; மேலும் மோசமாகாமல் தடுப்பதே அறுவையின் முதல் நோக்கம். சிறுநீரை அடக்க இயலாமல் போனால் அன்றே செல்லுங்கள்.