கீமோ மருந்தின் வயிற்றுப்போக்குக்கும் குடல் பாக்டீரியாவுக்கும் என்ன சம்பந்தம்?

எல்லா கீமோவுக்கும் பொதுவாகச் சொல்ல முடியாது. ஆனால் பெருங்குடல் புற்றுநோய்க்குக் கொடுக்கும் இரினோடீகானில் சம்பந்தம் நேரடியானது. மருந்தியல் பாடம் நடத்துகிறவன் என்ற முறையில் எனக்கு மிகவும் பிடித்த உதாரணமும் இதுதான்.

இரினோடீகான் உடம்புக்குள் போய் எஸ்என்-38 என்ற பொருளாக மாறுகிறது. புற்றுநோய்ச் செல்லைக் கொல்வது அதுதான். வேலை முடிந்ததும் கல்லீரல் அதோடு குளுகுரானிக் அமிலம் என்ற சர்க்கரை வகைப் பொருளை ஒட்டி, வீரியத்தை முடக்கி, பித்தநீர் வழியாகக் குடலுக்கு அனுப்பிவிடும். கல்லீரலைப் பொறுத்தவரை கணக்கு முடிந்தது. குடலில் இருக்கும் பாக்டீரியாவுக்கோ அந்தச் சர்க்கரை தீனி. பீட்டா குளுகுரானிடேஸ் என்ற என்சைமால் அதைப் பிய்த்துத் தின்றுவிட்டு, எஸ்என்-38ஐ அப்படியே விட்டுவிடுகிறது. முடக்கி அனுப்பிய விஷம் மறுபடி உயிர்பெற்றுக் குடல் சுவரை அரிக்கிறது.

ட்ரிப்ஸ் ஏறும்போதே வியர்த்து, வயிற்றைப் பிசைந்துகொண்டு போவது வேறு கதை; அது நரம்பு வழியாக வருவது, அட்ரோபின் ஊசிக்கு அடங்கும். 24 மணி நேரம் கழித்து வருவதில்தான் பாக்டீரியாவின் கை இருக்கிறது.

'அப்படியென்றால் ஆன்டிபயாட்டிக் போட்டு பாக்டீரியாவை ஒழித்துவிடலாமே?' என்று வகுப்பில் யாராவது கேட்பார்கள். நல்லதும் சேர்ந்து போய்விடும். கீமோவில் வெள்ளணு குறைந்திருக்கும் உடம்புக்கு அது வேறு வம்பு. அமெரிக்காவில் வட கரோலினா பல்கலைக்கழகத்தின் மேத்யூ ரெடின்போ குழு 2010இல் பாக்டீரியாவைக் கொல்லாமல் அந்த என்சைமை மட்டும் தடுக்கும் பொருள்களைக் காட்டியது. நம் உடம்பிலும் இதே வகை என்சைம் உண்டு. பாக்டீரியாவின் என்சைமில் மட்டும் இருக்கும் ஒரு வளைவைக் குறிவைத்ததால் நம்முடையது தப்பியது. எலிகளுக்கு வயிற்றுப்போக்கு குறைந்தது.

இதைவிடக் கொடூரமானது ஜப்பானில் 1993இல் நடந்தது. அக்கிக்கு வந்த சோரிவுடின் மாத்திரையைக் குடல் பாக்டீரியா வேறொரு பொருளாக மாற்ற, அது 5-எஃப்யூ கீமோவைச் சிதைக்கும் நம் என்சைமையே முடக்கிவிட்டது. இரண்டையும் சேர்த்து எடுத்தவர்களில் 15 பேர் இறந்தார்கள்.

இரினோடீகானுக்கே திரும்பினால், எல்லாப் பழியும் பாக்டீரியா மேல் போடவும் வேண்டாம். அந்தச் சர்க்கரையை ஒட்டும் என்சைமைத் தருகிற யுஜிடி1ஏ1 மரபணு மந்தமாக இருப்பவர்களுக்குக் கல்லீரலே எஸ்என்-38ஐச் சரியாக முடக்காது.

உங்கள் வீட்டில் யாருக்காவது இரினோடீகான் ஏறுகிறதென்றால், மறுநாளோ அதற்குப் பிறகோ முதல் தடவை இளகிப் போனதுமே டாக்டர் எழுதிக் கொடுத்த, வயிற்றுப்போக்கை நிறுத்தும் லோபரமைடு மாத்திரையைத் தொடங்கி, வார்டுக்குப் போன் செய்யுங்கள். தயிர், மாதுளந்தோல் என்று ஒரு நாள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.