எச்.ஐ.வி. மருந்துகள் வைரஸை எங்கே மடக்குகின்றன? – கேள்வி பதில்

கேள்வி: வைரஸை வாசலிலேயே தடுக்க முடியாதா?

பதில்: முடியும். வைரஸின் உறையில் இருக்கும் ஜிபி120 என்ற புரதம் முதலில் நம் நோய் எதிர்ப்புச் செல்லான டி-செல்லின் சிடி4 புரதத்தைப் பற்றும். அது போதாது, அதே செல்லில் சிசிஆர்5 அல்லது சிஎக்ஸ்சிஆர்4 என்ற இரண்டாவது பிடியும் வேண்டும். மராவிராக் (2007) என்ற மருந்து சிசிஆர்5-இல் உட்கார்ந்து அதன் வடிவத்தை மாற்றிவிடும். கவனியுங்கள், இது ஒட்டுவது வைரஸில் அல்ல, நம் செல்லில்.

கேள்வி: அப்படியென்றால் அது எல்லோருக்கும் பலன் தருமா?

பதில்: தராது. சிஎக்ஸ்சிஆர்4 வழியே நுழையும் வைரஸுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பரிசோதித்துப் பார்த்துவிட்டுத்தான் தொடங்குவார்கள்.

கேள்வி: உள்ளே போய்விட்டால்?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். வைரஸ் கொண்டுவருவது ஆர்.என்.ஏ.; அதைப் பார்த்து டி.என்.ஏ. எழுதுவது ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் நொதி. புற்றுநோய்க்காக 1964-இல் உருவாக்கிக் கிடப்பில் போடப்பட்ட ஜிடோவுடின், 1987-இல் முதல் எச்.ஐ.வி. மருந்தானது. பார்வைக்கு, டி.என்.ஏ.வின் எழுத்துகளில் ஒன்றான அசல் தைமிடின் மாதிரியே இருக்கும். ஆனால் அடுத்த எழுத்து வந்து ஒட்டவேண்டிய இடத்தில் ஹைட்ராக்சில் என்ற வேதித் தொகுதிக்குப் பதில் அசைடு என்ற வேறொன்று. நொதி ஏமாந்து சேர்த்துக்கொண்டால் சங்கிலி அதோடு சரி. இதே நொதியைத் தடுக்கும் எஃபாவிரென்ஸ் என்ற மருந்து இப்படி வேஷம் போடாது. நொதியின் பக்கவாட்டுக் குழியில் ஆப்பு மாதிரி செருகிக்கொள்ளும்.

அதையும் தாண்டினால் டோலுடெக்ராவிர் என்ற மருந்து. இன்டெக்ரேஸ் நொதியில் உள்ள மக்னீசியம் அயனிகளைப் பிடித்துக்கொண்டு, வைரஸின் டி.என்.ஏ. நம் குரோமோசோமில் தைக்கப்படாமல் பார்த்துக்கொள்ளும். உலோக அயனி மீது இருக்கும் இந்த மோகத்தால்தான் அதை ஆன்டாசிட்டோடு (அமில முறிவு மருந்தோடு) சேர்த்து விழுங்கக் கூடாது என்கிறார்கள். வயிற்றிலேயே பிணைந்துகொண்டு ரத்தத்துக்குப் போகாது.

கேள்வி: புரோட்டியேஸ் தடுப்பான்கள்?

பதில்: கடைசிக் கட்டம். நீளமான புரதத்தைத் துண்டுபோடும் கத்தரியை அவை முடக்குகின்றன. வைரஸ் வெளியே வரும், ஆனால் பிஞ்சாக. தொற்றும் திறன் இருக்காது.

கேள்வி: ஏன் ஒரு மருந்து போதவில்லை?

பதில்: ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸுக்குப் பிழை திருத்தத் தெரியாது; அதனால் வைரஸில் பிறழ்வுகள் வந்துகொண்டே இருக்கும். அந்த நொதியைத் தடுக்கும் லாமிவுடின் என்ற மருந்தை மட்டும் கொடுத்தால் எம்184வி என்ற ஒற்றைப் பிறழ்வோடு சில வாரங்களில் வைரஸ் தப்பிவிடும். மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தாலோ, மூன்றிடமிருந்தும் ஒருசேரத் தப்பும் பிறழ்வுகள் ஒரே வைரஸில் அமைவது மிக அரிது.

கேள்வி: பிறகு ஏன் முழுதாகக் குணமாவதில்லை, சார்?

பதில்: மேலே சொன்ன எல்லாமே புதிய செல்கள் பிடிபடாமல் காப்பவை. ஏற்கெனவே தைக்கப்பட்ட டி.என்.ஏ.வோடு உறங்கும் செல்லில் வைரஸின் நொதி எதுவும் ஓடுவதில்லை. மருந்து எதைப் பிடிக்கும்? மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் வைரஸ் அங்கிருந்துதான் திரும்பி வருகிறது.