ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினால் ஹீமோகுளோபினுக்கு (சிவப்பணுவில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதம்) ஏன் இவ்வளவு பாதிப்பு?

புரதங்களைக் கட்டும் அமினோ அமிலங்கள் 20 வகை. சட்டகம் கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் ஒன்றுதான் (புரோலின் மட்டும் கொஞ்சம் தனி ரகம்); வேறுபடுவது அதில் தொங்கும் பக்கச் சங்கிலி. சில தண்ணீரோடு ஒட்டும், சில தண்ணீரைக் கண்டாலே ஒதுங்கும். தண்ணீரில் எண்ணெய்த் துளிகள் தாமாக ஒன்றுசேர்வதைப் பார்த்திருப்பீர்களே, அதே கதைதான். ஒதுங்குபவை உள்ளே போக, புரதம் மடிகிறது.

சரி, இப்படி ஒரே ஒரு மாற்றத்தால் வரும் பரம்பரை ரத்த நோயான அரிவாள் செல் சோகைக்கு வருவோம். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் (அதைக் கட்டும் அமினோ அமிலத் தொடர்களில் ஒரு வகை) 146 அமினோ அமிலங்கள். 6-வது இடத்தில் இருக்க வேண்டியது குளுட்டாமிக் அமிலம். எதிர்மின்னூட்டம் கொண்டது, தண்ணீரோடு நன்றாக ஒத்துப்போகும். அங்கே தண்ணீருக்கு ஆகாத வாலின் வந்து உட்கார்ந்துவிடுகிறது. அதுவும் புரதத்தின் வெளிப்பரப்பில்! ஆக்சிஜனை இறக்கிவிட்டதும், இந்த வாலின் பக்கத்து ஹீமோகுளோபினின் சிறு குழியில் போய்ப் பொருந்துகிறது. அது இன்னொன்றோடு, அப்புறம் நீண்ட இழைகள். சிவப்பணு விறைத்து அரிவாள்போல் வளைகிறது.

மடிப்பே குலைந்துவிடுகிறது என்று தேர்வில் பலர் எழுதுவதுண்டு. மடிப்பு ஏறக்குறைய அப்படியே இருக்கிறது, ஆக்சிஜனையும் சுமக்கிறது; ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதுதான் சிக்கல்.