குட்டி வித்தவர் எங்கே? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்க தெருவுல ஒரு வீட்ல லேப்ரடார் வச்சு குட்டி போட வச்சு வித்துக்கிட்டே இருக்காங்க. அதே தெருமுனையில வயசான லேப் ஒண்ணு சொறி பிடிச்சு அலையுது, யாரோ கொண்டாந்து விட்டுட்டுப் போனது. ப்ரீடிங்குக்கு கடுமையா ஒரு சட்டம் போட்டா இதெல்லாம் குறையுமா சார்?
– மதுரை வாசகர்

பதில்: சட்டம் ஏற்கனவே இருக்குங்க, அதான் கொடுமை. 2017லயே மத்திய அரசு விதி போட்டாச்சு. நாய் வளர்த்து குட்டி விக்கிறவங்க மாநில விலங்குகள் நல வாரியத்துல பதிவு பண்ணணும், பெண் நாய்க்கு 18 மாசம் ஆகறதுக்கு முன்னாடியும் 8 வயசுக்கு மேலயும் மேட்டிங் விடக்கூடாது, வருஷத்துக்கு ஒரு ஈத்துதான், ஆயுசுக்கும் சேர்த்து 5தான், 8 வாரம் ஆகாத குட்டிய விக்கக்கூடாது, தோலுக்கடியில அடையாள எண் இருக்கற மைக்ரோசிப் போடணும்னு எல்லாமே அதுல இருக்கு. இப்போ உங்க தெரு வீட்ல போய் பதிவு பண்ணியிருக்கீங்களான்னு கேட்டுப்பாருங்க, "நாங்க என்ன கம்பெனியா நடத்தறோம், வீட்டு நாய் குட்டி போட்டுச்சு, குடுக்கறோம்"னு சொல்வாங்க. ஆண் நாய் கொண்டுவந்தவருக்கு ஒரு குட்டி, மிச்சமெல்லாம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல. அதுவும் 30, 35 நாள்லயே தள்ளிவிட்டுடறாங்க, ஏன்னா தாய்ப்பால் குறைஞ்சதும் தீனி, பூச்சி மருந்து, தடுப்பூசின்னு செலவு அவங்க தலையில விழும்ல. வாங்கிட்டுப் போனவங்க வீட்ல குட்டி வாந்தி எடுத்து ரத்தமா பேதி போய் சுருண்டு படுக்கும், டாக்டர்கிட்ட ஓடினா பார்வோ வைரஸ் நோய்னு சொல்லி டிரிப்ஸ் ஏத்துவாரு, வித்தவர் போனை எடுக்க மாட்டாரு.

ஆனா ஒண்ணு, தெருவுல பொறந்து வளர்ற நாட்டு நாய்ங்க எண்ணிக்கை ப்ரீடர் சட்டத்தால குறையாது. அது கருத்தடை வேலை. ஒரு ஏரியாவுல 100ல 70 நாய்க்காவது ஆபரேஷன் பண்ணாத்தான் பலன் தெரியும்னு சொல்றாங்க, பாதியில விட்டா திரும்ப பழைய கதைதான். ப்ரீடர் சட்டம் காப்பாத்தக்கூடியது உங்க தெருமுனை லேப் மாதிரி நாய்ங்களைத்தான். அதுக்கும் நான் கேக்கறது புது சட்டம் இல்ல, குட்டிய விக்கும்போதே வித்தவர் பேர், வாங்கினவர் பேர் ரெண்டும் சிப்புல பதிவாகணும், அநாதையா கிடைச்சா ஸ்கேன் பண்ணி ரெண்டு பேரையும் கூப்பிட்டுக் கேக்கணும். இப்ப நாயை வீதியில விட்டுட்டுப் போனா என்ன தண்டனை தெரியுமா? 1960 விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி முதல் தடவைக்கு 10 ரூபாய்லேர்ந்து 50 ரூபாய் வரைக்கும் அபராதம். டீ, வடை காசு. இதை மாத்தாம எத்தனை விதி போட்டு என்ன பிரயோஜனம்?

கேள்வி: ஹஸ்கி நாயை தமிழ்நாட்ல ப்ரீட் பண்ணக்கூடாதுன்னு சொன்னாங்களே, என் பையன் அதான் வேணும்னு அடம் பிடிக்கிறான். வாங்கலாமா வேணாமா?
– கோவை வாசகி

பதில்: 2024ல தமிழக அரசு ஒரு கொள்கை கொண்டுவந்துச்சு, ஹஸ்கி, பக், செயின்ட் பெர்னார்ட்னு 11 வெளிநாட்டு இனம் நம்ம ஊர் வெயிலுக்கு ஆகாதுன்னு. நாய் இனங்களைப் பதிவு பண்ற கென்னல் கிளப் கோர்ட்டுக்குப் போய் அந்தக் கொள்கைக்கு இடைக்காலத் தடை வந்துச்சு. கோர்ட் விஷயம் கிடக்கட்டும்மா, ரெண்டு அடுக்கு ரோமத்தோட ஐப்பசி மழையிலயே நாக்கைத் தொங்கப்போட்டுக்கிட்டு டைல்ஸ்ல படுத்துக் கிடக்கற ஹஸ்கியை ஒரு தடவ நேர்ல பையனுக்குக் காட்டுங்க. ஏசி பில் நீங்கதான் கட்டப்போறீங்க. அதுக்காக நாட்டு நாய்னா கண்ண மூடிட்டு வாங்கலாம்னும் இல்ல. ராஜபாளையம் வெள்ளையா இருந்தாத்தான் ராசின்னு சொந்தத்துக்குள்ளயே சேர்த்து சேர்த்து, காது கேக்காத குட்டிங்க நிறைய வருது. வாங்கறதுக்கு முன்னாடி குட்டி பின்னாடி நின்னு கை தட்டிப் பாருங்க. தாய் நாயைக் காட்ட மாட்டேன்னா திரும்பி வந்துடுங்க.

கேள்வி: தெருக்குட்டி ஒண்ணை எடுத்து வளர்க்க ஆசை. மாமியார் "சாதி நாய்னா சரி, இது வேணாம்"ங்கறாங்க.
– பெரம்பூர் வாசகி, சென்னை

பதில்: மாமியாரை சமாளிக்கற வழி எனக்குத் தெரிஞ்சா நான் ஏன் இங்க உக்காந்து பதில் எழுதறேன்! குட்டிக்கு 3 மாசத்துல ரேபிஸ் ஊசி போட்டுடுங்க, கருத்தடை எப்போன்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கங்க, பெண் குட்டின்னா அதைத் தள்ளிப் போடவே போடாதீங்க. மாநகராட்சி லைசென்ஸ் இருக்கு, அதையும் எடுத்துடுங்க. லைசென்ஸை உங்க மாமியார் பேர்லயே எடுத்துப் பாருங்களேன்.