பிரான்சில் ஆப்பிரிக்கர்களுக்கு நல்ல வேலை கிடைக்காததற்குக் காரணம் படிப்புக் குறைவா, பாகுபாடா?

பாகுபாடுதான். பாரிஸ் உணவகச் சமையலறைகளில் 24 வருடம் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன்.

"அவர்கள் படிப்பதில்லை, அதனால்தான் கோப்பை கழுவுகிறார்கள் என்று என் சித்தப்பா சொல்கிறார்" என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். அண்மையில் வந்து, அவர் வீட்டில் தங்கி வேலை தேடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். வந்த புதிதில் உங்கள் சித்தப்பாவும் கோப்பைதான் கழுவியிருப்பார். ஊரில் உயர்தரப் பரீட்சை முடித்துவிட்டு வந்த நானும் கழுவினேன். என்ன படித்தாய் என்று யாரும் கேட்கவில்லை.

1999இல் எனக்குக் கத்தி பிடிக்கவும் பிரெஞ்சு பேசவும் சொல்லித் தந்தவர் ஒரு மாலி நாட்டவர். மாலியின் மேற்கே உள்ள கேய் பகுதிக்காரர். பாரிஸை ஒட்டிய மொந்த்ரேய் நகரத்துத் தொழிலாளர் விடுதியில் பல வருடம் கிடந்து, பிறகு மனைவியைக் கூப்பிட்டவர். என்னை 'பெத்தி ஃபிரேர்', அதாவது தம்பி என்றுதான் கூப்பிடுவார். எங்கள் சமையலறைக்கும் சாப்பாட்டு மண்டபத்துக்கும் நடுவில் வட்டக் கண்ணாடி வைத்த ஒரு கதவு. கதவுக்கு உள்பக்கம் மாலி, செனகல், வங்காளதேசம், தமிழரான நாங்கள். வெளிப்பக்கம் எல்லோரும் வெள்ளையர். எழுதி ஒட்டியிருக்கவில்லை, ஆனால் நான் அங்கே நின்ற அத்தனை வருடத்தில் ஒருவர்கூட அந்தக் கதவைத் தாண்டி வேலைக்குப் போனதில்லை.

2007 குளிர்காலத்தில் மண்டபத்துக்குப் பரிமாற ஆள் தேவைப்பட்டது. மதியச் சாப்பாடு முடிந்து மூன்றரை மணி இருக்கும். முதலாளி ஒரு கட்டு சிவியை, அதாவது வேலை கேட்டவர்களின் சுயவிவரத் தாள்களை, என்னிடம் தந்து, திராவோரே, கெய்ட்டா, தியாரா மாதிரி மேற்கு ஆப்பிரிக்கப் பெயர்களை எல்லாம் அடியில் வை என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வெங்காயம் உரித்து வை என்பதுபோலச் சொன்னார். நான் கையை ஏப்ரனில் துடைத்துவிட்டுப் பிரித்தேன். ஏழாவதோ எட்டாவதோ தாளில் ஒரு பொடியனின் படம். கழுத்தில் கருநீலக் கழுத்துப்பட்டி, ஓரத்தில் சின்ன வெள்ளிக் கோடு. அந்தக் கழுத்துப்பட்டி என் கல்யாணத்துக்கு வாங்கியது. இரண்டு கிழமைக்கு முன், மகன் படம் எடுக்க வேண்டும் என்று மாலி அண்ணன் என்னிடம் இரவல் வாங்கிப் போயிருந்தார். பொடியன் இங்கேயே பிறந்து, ஹோட்டல் தொழிலுக்கே இரண்டு வருடம் படித்து டிப்ளோமா எடுத்தவன்.

அதையும் அடியில்தான் வைத்தேன்.

ஏன் வைத்தாய் என்று கேட்பீர்கள். அப்போது என்னிடம் ஒரு வருட வதிவிட அனுமதி அட்டைதான் இருந்தது. அதைப் புதுப்பிக்கச் சம்பளத் துண்டு வேண்டும்.

பாகுபாடு காட்டினால் சட்டப்படி மூன்று வருடச் சிறையும் 45,000 யூரோ தண்டமும் உண்டு. 2005இல் பாரிஸ் புறநகரான கிளிஷி-சூ-புவாவில் பொலிசுக்குப் பயந்து ஒளிந்த, ஆப்பிரிக்க வழிவந்த இரண்டு பொடியன்கள் இறந்து, கலவரத்தில் புறநகரெல்லாம் எரிந்த பிறகு, 2006இல் இன்னொரு சட்டமும் வந்தது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் சிவியைப் பெயர் மறைத்துத்தான் பார்க்க வேண்டும் என்றது. நடைமுறைப்படுத்தும் ஆணையை அரசாங்கம் வெளியிடவே இல்லை. 2014இல் உயர் நிர்வாக நீதிமன்றம் வெளியிடச் சொல்லி உத்தரவிட்டது. 2015இல் அந்தக் கட்டாயத்தையே எடுத்துவிட்டார்கள். எங்கள் உணவகத்தில் நாங்கள் 14 பேர், எங்களுக்கு அது எப்படியும் பொருந்தியிருக்காது.

படிப்புத்தான் காரணம் என்பவர்களுக்கு என் மகள் பல்கலைக்கழகத்தில் படித்த ஓர் ஆய்வைச் சொல்கிறேன். 2009இல் ஆய்வாளர்கள் ஒரே படிப்பு, ஒரே அனுபவம் வைத்துக் கற்பனையாக சிவிகள் தயாரித்து அனுப்பினார்கள். செனகல் வழிவந்த இரண்டு பெண்கள்: ஒருத்தி மரி தியூஃப், கத்தோலிக்கர். மற்றவள் கதீஜா தியூஃப், முஸ்லிம். மரிக்கு நூற்றுக்கு 21 இடங்களில் இருந்து நேர்முகத்துக்கு அழைப்பு. கதீஜாவுக்கு 8. குடும்பப் பெயர்கூட ஒன்றுதான்! மாலியில் இருந்து வந்தவர்களில் பெரும்பாலானோர் முஸ்லிம்கள். தோலுக்கு ஓர் அடி, மதத்தைக் காட்டும் பெயருக்கு இன்னோர் அடி.

"சோறு போட்ட நாட்டைக் குறை சொல்கிறாயே" என்று கீழே எழுத வருகிறவர்களுக்கு: நான் நாட்டைத் திட்டவில்லை. என் பிள்ளைகளை இலவசமாகப் படிப்பித்த நாடு இது. எல்லா முதலாளிகளும் இப்படி என்றும் சொல்லவில்லை. பிறகு நான் வேலை செய்த இடத்தில் மண்டபப் பொறுப்பாளரே ஓர் ஐவரிகோஸ்ட் பெண். ஆனால் நடந்ததை நடக்கவில்லை என்று என்னால் எழுத முடியாது. பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் கடை வைத்திருக்கும் நம்மவர்களும் இதில் சேர்த்திதான். 'கறுவல்' என்று வாய் கூசாமல் சொல்வோம், மூட்டை இறக்க மட்டும் கூப்பிடுவோம், கல்லாவில் இருத்த மாட்டோம். இதைச் சொன்னதற்காகவே இரண்டு பேர் என்னோடு கதைப்பதில்லை.

அடுத்த கிழமை மாலி அண்ணன், "தம்பி, மகனுடைய தாள் வந்ததா?" என்று கேட்டார். காணவில்லை என்றேன். கழுத்துப்பட்டியை மினுக்கி, பைக்குள் போட்டுத் திருப்பித் தந்தார். மகன் இப்போது லொறி ஓட்டுகிறான்.

உங்களுக்கு ஒன்று. வேலை இல்லை என்று வரும் மின்னஞ்சல்களை அழிக்காதீர்கள், திகதியோடு வைத்திருங்கள். சந்தேகம் வந்தால் 39 28க்கு எடுங்கள், பாகுபாட்டு முறைப்பாட்டுக்கென்றே 2021இல் தொடங்கிய இலக்கம் அது. கூட வேலை செய்யும் ஆப்பிரிக்கப் பொடியன்களுக்கும் அந்த இலக்கத்தைக் கொடுங்கள்.